பீச்சாங்கைக்கு ஒரு பிஸ்டல்

செருப்புக்கு நம்பர் உண்டு. சட்டைக்கு உண்டு. பனியனுக்குக்கூட 85, 90 என்று உண்டு. உங்கள் கைக்கு என்ன நம்பர் என்று யாராவது கேட்டிருக்கிறார்களா? என்னைக் கேட்டார்கள். முப்பத்து நாலு வயசில், ஒரு ரைஃபிள் கிளப்பில்.

"உங்களுக்கு ஸ்மாலா, மீடியமா?" என்றார் கோச்.

"தெரியாது சார். மோதிரம்கூட மாமனார் போட்டதுதான். அதுவும் லூஸ்."

அவர் சிரிக்கவில்லை. துப்பாக்கி சொல்லித் தருகிறவர்கள் பொதுவாகச் சிரிப்பதில்லை. ஒரு வெள்ளைத்தாளில் என் கையை விரித்து வைக்கச் சொல்லிப் பென்சிலால் சுற்றி வரைந்தார். எல்.கே.ஜி. குழந்தைகளுக்கு மயில் வரையக் கற்றுத் தருவார்களே, அதே டெக்னிக். ஸ்கேல் வைத்து அளந்தார். "ஸ்மால்" என்று, பரீட்சை ரிசல்ட் மாதிரி அறிவித்தார். ஐந்தடி எட்டங்குல மனிதனுக்கு இது கொஞ்சம் அவமானமான செய்திதான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு விரோதி என்று யாரும் கிடையாது. செக் அனுப்பத் தாமதிக்கிற ஒன்றிரண்டு பேர் மேல் வருத்தம் உண்டு. அது சுடுகிற அளவுக்கு இல்லை. பி.காம். படித்து, ஆடிட்டர் ஆபீஸில் ஏழு வருஷம் பச்சை மையில் டிக் அடித்துவிட்டு, இப்போது பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிறவன். 2024 ஜூலையில் பாரிஸ் ஒலிம்பிக்ஸில் மனு பாக்கர் ஏர் பிஸ்டலில் இரண்டு வெண்கலம் வாங்கினாரே, ஒன்று தனியாக, இன்னொன்று சரப்ஜோத் சிங்குடன் ஜோடியாக... அதற்கப்புறம், "இந்தத் துப்பாக்கி கிளப் பக்கம் ஒரு எட்டுப் போய்ப் பார்த்து எழுதுங்களேன்" என்றார் ஓர் ஆசிரியர். போனேன். எழுதினேன். கட்டுரை வந்துவிட்டது. நான்தான் திரும்பி வரவில்லை.

ஏர் பிஸ்டலில் வெடிமருந்து கிடையாது. குழாய்க்கு அடியில் ஒரு குட்டி சிலிண்டர். அதில் அடைத்து வைத்த காற்று 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டைத் தள்ளும், அவ்வளவுதான். நிஜமான ரிவால்வர் வேண்டுமென்றால் லைசென்ஸுக்கு ஊரில் கலெக்டர், சென்னையில் போலீஸ் கமிஷனர் என்று மனுப் போட்டு, உங்களை யார் எதற்காகக் கொல்லப் பார்க்கிறார்கள் என்று விளக்கவேண்டும். போட்டிக்கான இந்த ஏர் பிஸ்டலுக்கு அதெல்லாம் வேண்டாம். அதற்காக இது பொங்கலுக்கு வாங்கித் தரும் விளையாட்டுச் சாமானும் இல்லை. கண்ணில் பட்டால் கண் போய்விடும். குழாய் எப்போதும் டார்கெட் பக்கம், சுடுகிற வினாடி வரை விரல் ட்ரிகருக்கு வெளியே. முதல் நாள் முழுக்க இந்த இரண்டு வாக்கியம்தான் பாடம்.

சினிமாவில் பார்த்திருப்பீர்கள். அடியாள் கையிலிருக்கும் துப்பாக்கியை ஹீரோ காலால் தட்டி, அந்தரத்தில் பிடித்து, அடுத்த வினாடியே நாலு பேரைச் சாய்ப்பார். அடியாள் கை தேங்காய் உரிக்கிற கை. ஹீரோ கை டூயட்டில் பூப்பறிக்கிற கை. இரண்டுக்கும் ஒரே துப்பாக்கி எப்படிப் பொருந்தியது என்று எந்த டைரக்டரும் யோசித்ததாகத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஹெல்மெட்டை வாங்கி மாட்டினாலே நமக்கு ஆடுகிறது!

பொருந்தாவிட்டால் என்ன குடிமுழுகிப் போகும்? கணக்குப் போட்டுப் பார்த்தேன். படித்த படிப்பு இந்த மாதிரி சமயத்தில்தான் உதவுகிறது. டார்கெட் பத்து மீட்டர் தூரத்தில் இருக்கிறது. நடுவிலுள்ள பத்து மார்க் வட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர். உங்கள் சட்டைப் பித்தான் சைஸ். பிஸ்டலின் பின்பக்கம் ஒரு பள்ளம், முன்பக்கம் ஒரு முள். இரண்டையும் நேர்கோட்டில் வைத்துப் பார்க்கவேண்டும். இரண்டுக்கும் நடுவே ஓரடிக்குக் கொஞ்சம் கூட. முள் ஒரே ஒரு மில்லிமீட்டர் கோணினால் பத்து மீட்டருக்கு அப்பால் அது சுமார் 30 மில்லிமீட்டர் ஆகிவிடும். பத்து மார்க் விழவேண்டிய இடத்தில் ஏழு. கந்துவட்டிக்காரன்கூட ஒன்றுக்கு முப்பது கேட்க மாட்டான்.

அந்த ஒரு மில்லிமீட்டர் எங்கிருந்து வருகிறது? கண்ணிலிருந்து இல்லை, கையிலிருந்து. அதனால்தான் போட்டி பிஸ்டல்களின் கைப்பிடியைப் பார்த்தால் துப்பாக்கி மாதிரியே இருக்காது. வால்நட் மரத்தில், பிசைந்த சப்பாத்தி மாவை யாரோ இறுக்கிப் பிடித்துவிட்டு வைத்த மாதிரி மேடும் பள்ளமுமாக இருக்கும். சுவிட்சர்லாந்து மொரீனி, ஆஸ்திரியா ஸ்டெயர், ஜெர்மனி வால்தர் என்று எல்லாக் கம்பெனியிலும் ஸ்மால், மீடியம், லார்ஜ் உண்டு. அதிலும் வலது, இடது உண்டு. ஆனால் ஜவுளிக்கடையில் ரெடிமேட் பேன்ட் வாங்கிவிட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் ஆல்ட்டரேஷன் டெய்லரிடம் போகிறோமே, அந்தக் கட்டம் இதிலும் உண்டு.

சரியான பிடி எப்படி இருக்கும் என்று கோச் ஒரு நாள் முழுக்கச் சொன்னார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு கவட்டை இருக்கிறதல்லவா, அது கைப்பிடியின் முதுகில் எவ்வளவு மேலே போக முடியுமோ அவ்வளவு மேலே போய் முட்டவேண்டும். முழங்கையிலிருந்து குழாயின் நுனி வரை ஒரே கோடாக இருக்கவேண்டும், மணிக்கட்டில் உடையக்கூடாது. நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல் மூன்றும் சேர்ந்து நேர் பின்னால் இழுத்துப் பிடிக்கும். கட்டைவிரல் சும்மா இருக்கும். (ஆபீஸிலும் ஒருத்தர் அப்படி இருப்பார். அவரை அழுத்தச் சொன்னால் எல்லாம் கோணும்.) உள்ளங்கையின் அடிப்பக்கம் உட்கார ஒரு சின்னத் தட்டு, அதை மேலும் கீழும் நகர்த்தி ஸ்க்ரூ முடுக்கலாம். கையை முட்டுக்கொடுக்கவேண்டும், நசுக்கக்கூடாது.

ஆள்காட்டி விரல் மட்டும் தனிக்குடித்தனம். மரத்தில் படவே கூடாது. விரலுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு போய்வர இடம் வேண்டும். ட்ரிகரின் எடை குறைந்தது 500 கிராம் என்பது விதி. அரை லிட்டர் பால் பாக்கெட்டை ஒற்றை விரலில் தொங்கவிட்டுப் பாருங்கள், ஏறக்குறைய அதுதான். விரலின் முதல் கணு ட்ரிகரில் நேராக விழுந்தால் அந்த அரை கிலோவும் நேர் பின்னால் வரும். கைப்பிடி பெரிசாக இருந்தால் விரல் எட்டாது. எட்டாததற்குக் கையைத் திருப்புவோம். திருப்பினால் ட்ரிகரைப் பின்னால் இழுப்பதற்குப் பதில் பக்கவாட்டில் தள்ளுவோம். வந்துவிட்டது ஒரு மில்லிமீட்டர்!

இதற்கெல்லாம் பரீட்சை ஒன்று வைத்திருக்கிறார்கள். காசு செலவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பிஸ்டலைப் பிடி; தூக்கு; நிதானமாகக் கண்ணைத் திற. முள் தானாகவே பள்ளத்தின் நடுவில் நின்றால் அந்தக் கைப்பிடி உன்னுடையது. மணிக்கட்டை வெட்டித் திருத்தித்தான் நடுவுக்குக் கொண்டுவர முடிகிறதென்றால் அது வேறு யாருடையதோ.

ஆறு மாசமாக நான் வேறு யாருடையதையோ பிடித்துக்கொண்டிருந்தேன். கிளப் பிஸ்டல் எல்லாமே வலதுகை, மீடியம். அறுபது குண்டுக்கு 600 மார்க். நான் 470-ஐத் தாண்டவில்லை. குண்டுகள் டார்கெட்டின் ஒரு மூலையில், ரேஷன் கடை கியூ மாதிரி கூடிக்கூடி நின்றன. கோச் கைப்பிடியை மாற்றினார், தட்டை ஏற்றினார், இறக்கினார், ஒரு நாள் என் சாப்பாட்டைக்கூட விசாரித்தார். கடைசியில் ஒரு சாயங்காலம், பூட்டிவிட்டுக் கிளம்புகிற நேரம், "இந்தாங்க" என்று திடீரென்று பைக் சாவியை என்னை நோக்கி எறிந்தார்.

பிடித்தேன். இடது கையில்.

அவர் கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தார். "எழுதறது?"

"வலது சார்."

"சாப்பிடறது?"

"வலது."

"பல் தேய்க்கறது? கேரம் ஆடறது? கல் எறியறது?"

இடது, இடது, இடது.

"யாரு மாத்தினாங்க?" என்றார். டாக்டர் பழைய ஆபரேஷன் தழும்பைப் பார்த்துக் கேட்பதுபோல.

லால்குடியில் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை கூடி மாற்றியது அது. நான் இடது கையால் சோற்றை எடுக்கிறேன் என்று தெரிந்ததும் அம்மா அந்தக் கையில் வேப்பெண்ணெய் தடவினாள். வேப்பெண்ணெயோடேயே சாப்பிட்டேனாம். அப்புறம் பாட்டி மந்திரிசபையைக் கையிலெடுத்து, சாப்பாட்டு நேரம் மட்டும் இடது கையை அரைஞாண் கயிற்றோடு சேர்த்துக் கட்டிவைத்தாள். எழுத்து விஷயத்தைப் பள்ளிக்கூடம் பார்த்துக்கொண்டது. முட்டியில் மர ஸ்கேல், அதுவும் தட்டையாக இல்லை, விளிம்பால். நாலாம் வகுப்பு போகும்போது நான் பூரண குணமடைந்துவிட்டேன். அன்றிலிருந்து என் கையெழுத்தை மருந்துக்கடைக்காரர்கள் மட்டுமே படிக்க முடியும்.

அவர்கள் மேல் கோபமில்லை. பந்தியில் உட்கார்ந்து பையன் பீச்சாங்கையை இலையில் வைத்தால் ஊர் என்ன சொல்லும் என்று ஒரு தாய் பயப்படாமல் இருக்க முடியாது. ஊரும் லேசுப்பட்டதில்லை. கத்தரிக்கோல், காலேஜில் கைவைத்த நாற்காலி, ஆபீஸில் மவுஸ், டீ கப்பில் கம்பெனிப் பெயர் எழுதியிருக்கும் பக்கம் என்று எல்லாமே வலது கைக்காரன் சௌகரியம். இடது பக்கத்துக்கு என்று மரியாதையாக ஓர் இடம் தந்தது நான் பார்த்தவரை கணக்கியல் ஒன்றுதான். பற்று இடப்பக்கம், வரவு வலப்பக்கம். அதிலும் பாருங்கள், இடது கைக்குப் பற்றுதான்!

கோச் அன்றைக்கு ஒரு கதை சொன்னார். கதையில்லை, ரெக்கார்டில் இருப்பது. ஹங்கேரி ராணுவத்தில் காரோய் டாகாச் என்று ஒருவர். பிஸ்டலில் தேசிய அளவில் பெரிய கை. 1938-ல் ராணுவப் பயிற்சியில் ஒரு கையெறிகுண்டு கோளாறாகி வலது கையிலேயே வெடித்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் யாரிடமும் சொல்லாமல் இடது கையில் பழக ஆரம்பித்தார். அடுத்த வருஷமே தேசிய சாம்பியன். யுத்தத்தால் 1940, 1944 ஒலிம்பிக்ஸ் இரண்டும் நடக்கவில்லை. மனுஷன் காத்திருந்து 1948-ல் லண்டனில் தங்கம், 1952-ல் ஹெல்சிங்கியில் மறுபடி தங்கம். இரண்டும் இடது கையால், 25 மீட்டர் ரேபிட் ஃபயரில்.

"அவருக்குக் கை போச்சு, அதனால மாத்தினார். உங்களுக்குத்தான் ஒண்ணும் போகலியே சார், எதுக்கு மாத்தினீங்க?" என்றார் கோச். எனக்குப் பதில் தெரியவில்லை. பாட்டியும் இப்போது இல்லை.

இடதுகை பிஸ்டலை ஊரெல்லாம் தேடினோம். புதிதாக வரவழைக்க ஆகும் தொகையைச் சொன்னால் மனைவி இந்தப் பத்திரிகையை வாங்குவதை நிறுத்திவிடுவாள். கடைசியில் கிளப்பில் முன்பு ஆடிய ஒரு பையன், பெங்களூரில் வேலை கிடைத்துப் போகிறவன், தன்னுடையதை விற்க முன்வந்தான். பழசுதான். இருந்தும் என் பைக்கை விற்றால் வருவதைவிட அதிகம். அசல் இடதுகை. ஆனால் மீடியம். பையன் வாலிபால் ஆடுகிறவன்; அவன் விரல்களைப் பார்த்தால் முருங்கைக்காய்க் கொத்து.

"மரம்தானே, பண்ணிக்கலாம்" என்று கோச் எழுதிக்கொடுத்த லிஸ்ட்: அரம் ஒன்று, உப்புத்தாள் இரண்டு, எம்சீல் ஒரு பாக்கெட். ஆமாம், குழாய் ஒழுகினால் அடைப்போமே, அதே எம்சீல்தான். எங்கே மரம் கையை உறுத்துகிறதோ அங்கே ராவவேண்டும். எங்கே கைக்கும் மரத்துக்கும் நடுவே காற்று ஓடுகிறதோ அங்கே எம்சீலைப் பிசைந்து அடைக்கவேண்டும். எங்கே உறுத்துகிறது என்று கண்டுபிடிக்க வெளிநாட்டில் லிப்ஸ்டிக் தடவுவார்களாம். எங்கள் வீட்டில் குங்குமம். இடது உள்ளங்கை முழுக்கக் குங்குமத்தைப் பூசிக்கொண்டு இறுக்கிப் பிடித்துவிட்டு எடுத்தால், மரத்தில் சிவப்பு எங்கே அழுத்தமாகப் படிந்திருக்கிறதோ அங்கே அரம் போடலாம். ராவினேன். பூசினேன். மறுபடி ராவினேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின. அம்மா என் கையைப் பார்த்துவிட்டு, "குங்குமத்தை எந்தக் கையில..." என்று ஆரம்பித்து, பேத்தி கூப்பிட்டதால் நிறுத்திக்கொண்டாள்.

நாலாவது ஞாயிறு எம்சீல். காற்று சிலிண்டரைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டேன். குழாயில் குண்டு இல்லை என்பதை இரண்டு தடவை பார்த்தேன். எம்சீலை உருட்டிக் கைப்பிடியின் பள்ளங்களில் அப்பி, ஒட்டாமலிருக்கக் கையில் பவுடர் போட்டு, ஹால் சுவரைப் பார்த்துக்கொண்டு பிடித்தேன். அரை மணி நேரம் விரலை அசைக்கக்கூடாது என்பது உத்தரவு. மனைவியும் மகளும் கடைக்குப் போயிருந்தார்கள். பத்து நிமிஷம் போயிருக்கும். காலிங்பெல்.

எழுந்து போய் வலது கையால் கதவைத் திறந்தேன். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர். சிலிண்டரைத் தோளிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, "ஓடிபி சொல்லுங்..." என்று நிமிர்ந்தார். என் இடது கையைப் பார்த்தார். மிச்ச வாக்கியம் அவர் தொண்டைக்குள்ளேயே தங்கிவிட்டது. இரண்டு கையும் தானாக மேலே போனது.

"பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது. சிலிண்டர் இல்ல இதுல" என்றேன்.

"கொண்டாந்துட்டேன் சார்! இதோ கொண்டாந்துட்டேன்!"

"அட, அந்த சிலிண்டர் இல்லைங்க. இது எம்சீல். காயறதுக்காகப் பிடிச்சிட்டிருக்கேன்."

சத்தம் கேட்டு அம்மா அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்தாள். கையைத் தூக்கி நிற்கிற மனிதரைப் பார்த்தாள். பிஸ்டலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அவள் முகம் சுருங்கியது.

"ஏண்டா, வீட்டுக்கு வந்த மனுஷர் முன்னாடி பீச்சாங்கையிலயா பிடிப்பே?"

கேஸ்காரர் அதைக் கேட்டுத்தான் கையைக் கீழே விட்டார். துப்பாக்கிக்காரனை இப்படித் திட்டுகிற ஒரு வீட்டில் உயிருக்கு ஆபத்திருக்காது என்று புரிந்திருக்கும். "அதனால என்னம்மா, நான் சிலிண்டரே இடது தோள்லதான் தூக்கறேன்" என்றார். ஓடிபி வாங்கிக்கொண்டு, வழக்கமாகக் கேட்கும் எக்ஸ்ட்ரா முப்பது ரூபாயைக் கேட்காமலே போய்விட்டார். அந்த வகையில் பிஸ்டலால் கிடைத்த முதல் வருமானம் அது.

நான் மறுபடி சோபாவில் உட்கார்ந்தேன். இன்னும் பதினைந்து நிமிஷம் பாக்கி. அம்மா போகவில்லை. எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் என் விரல்கள் மரத்தில் அமர்ந்திருந்த விதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கையில நல்லா நிக்குதாடா?"

"நிக்குதும்மா. ஆடலை."

"அப்ப... பாட்டி கட்டி வெப்பாளே. வலிச்சுதா?"

"எனக்கு ஞாபகம் இல்லம்மா" என்றேன்.

"எனக்கு இருக்கு" என்றாள். அடுப்பில் ஏதோ தீய்கிற வாசனை. எழுந்து போய்விட்டாள்.

எம்சீல் காய்ந்து கையை எடுத்தபோது கைப்பிடியில் என் விரல்கள் ஒவ்வொன்றும் பள்ளமாகப் பதிந்திருந்தன. ஓரங்களை உப்புத்தாளால் வழித்தேன். அடுத்த நாள் கிளப்பில் கண்ணை மூடித் தூக்கி, மூச்சை விட்டு, கண்ணைத் திறந்தேன். முள், பள்ளத்தின் நட்டநடுவே நின்றுகொண்டிருந்தது. நான் அதை அங்கே கொண்டுவைக்கவில்லை. கோச் பின்னால் நின்று பார்த்துவிட்டு "ம்" என்றார். அவர் அகராதியில் அது பாரத ரத்னா.

மூன்று மாசத்தில் 520-ஐத் தொட்டிருக்கிறேன். மாநில டீமுக்கு இதெல்லாம் போதாது, எனக்குப் போதும். வெயில் காலத்தில் மத்தியான நேரம் கை லேசாக வீங்குகிறது. அப்போது மட்டும் அடித்தட்டைக் கால் திருகு இறக்கிக்கொள்கிறேன்.

யு.கே.ஜி. படிக்கும் என் மகள் பென்சிலை இடது கையில்தான் எடுக்கிறாள். அவள் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து பென்சிலைப் பிடுங்கி வலது கையில் செருகுவது அம்மாவின் சாயங்கால வேலையாக இருந்தது. இப்போது செருகுவதில்லை. சாப்பாட்டுத் தட்டு விஷயத்தில் மட்டும் இன்னும் பேச்சுவார்த்தை முடியவில்லை. தினமும் ராத்திரி எட்டு மணிக்கு ஒரு சுற்று நடக்கிறது. மகள் அசைவதாக இல்லை. அம்மாவும் வேப்பெண்ணெய் பாட்டிலை எடுக்கவில்லை.

எம்சீல் பாக்கெட்டில் பாதி மீந்தது. அதைக் கொண்டு அம்மா பாத்ரூம் வாளியின் விரிசலை அடைத்துவிட்டாள். கட்டைவிரல் பக்கம் இன்னும் ஓர் இடம் லேசாக உறுத்துகிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை புதுப் பாக்கெட் வாங்கவேண்டும்.